மெத்தைக்கடை கமாண்டர்

கல்யாணமான நாளிலிருந்து அந்த மெத்தைக்கடையில் மாப்பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டது தலையணைப் பிரிவு. மெத்தைப் பக்கம் மாமனார் அவரை அண்டவிட்டதில்லை. "மெத்தைங்கறது பெரிய விஷயம் மாப்பிள்ளை. முதல்ல தலையணையில கை பழகட்டும்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். கை பழகிவிட்டது. காதோரம் நரைத்தும் விட்டது. குழந்தைகள் இரண்டும் அப்பாவைவிட உயரமாகிவிட்டார்கள். பயிற்சிக் காலம் மட்டும் முடிகிற வழியாக இல்லை.

அதற்காக மாப்பிள்ளை சும்மா இருந்துவிடவில்லை. கடைக்குள் நுழைகிறவரின் கழுத்தைப் பார்த்தே, இவர் ஒருக்களித்துப் படுப்பவரா, மல்லாந்து படுப்பவரா, குப்புற விழுந்து கிடப்பவரா என்று சொல்லிவிடுவார். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் அவரும் போயிருந்தார். அதாவது, கடையின் பின்பக்கத்து மூலைவரை.

அப்படி இருந்தவரைத்தான் வணிகர் சங்கம் கெடுத்தது.

நகரத்தில் பெரிய ஓட்டப்பந்தயம் நடக்கப்போவதாகவும், ஓட்டம் முடிகிற கோடு இந்தத் தெருவிலேயே வரப்போவதாகவும் செய்தி வந்ததும், சங்கத்தில் ஒரு அரைநாள் வகுப்பு வைத்தார்கள். 'பொது நிகழ்ச்சிகளின்போது வணிக நிறுவனங்களைப் பாதுகாப்பது எப்படி' என்பது தலைப்பு. ஒவ்வொரு கடையும் யாரிடம் வேலை குறைவோ அவரை அனுப்பியது. மெத்தைக்கடை மாப்பிள்ளையை அனுப்பியது.

வகுப்பு எடுத்தவர் ஏதோ சீருடைப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். எந்தச் சீருடை என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. 'கூட்டம்' என்று சொல்லும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தோடு வீடு திரும்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் சட்டைக்கையில் ஒரு பட்டையும், கழுத்தில் ஒரு விசிலும், முன்பு இல்லாத ஒரு நடையுமாகத் திரும்பினார். மறுநாளே தெரு அவருக்குக் 'கமாண்டர்' என்று பெயர் வைத்தது. அது கேலி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரைத் தவிர.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் மாமனார் சின்ன மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். கிளம்பும்போது கடைச் சாவியைக் கையில் எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே நின்றார். அந்தக் கடையின் முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி. பழைய இரும்புக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, கடன் வாங்கி, கண்ணும் கருத்துமாக அவர் போட்ட கண்ணாடி. பெற்ற பெண்களைக்கூட அவர் அப்படித் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில்லை என்று பெரிய மகளே சொல்வாள்.

"மாப்பிள்ளை, பந்தயத்தன்னிக்கு மத்தியானம் வந்துருவேன். வந்ததும் கண்ணாடி முழுசா இருக்கணும், சாவி என் கைக்கு வரணும். ரெண்டும் சரியா நடந்தா, அந்தச் சாவிய உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். அப்புறம் மொத்தக் கடையும் உங்க பொறுப்பு."

"நடக்கலேன்னா மாமா?"

"தலையணை இருக்கவே இருக்கு."

கமாண்டருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எந்தத் தலையணையாலும் உதவ முடியாத வகைத் தூக்கமின்மை அது.

பந்தய நாள் காலையில் கடைக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். கமாண்டர், அவர் மனைவி, மெத்தை தைக்கிற பெரியண்ணன். பெரியண்ணன் அந்தக் கடையில் மாமனாரின் இளமைக் காலத்திலிருந்து ஊசி பிடிப்பவர். எதற்கும் அவசரப்படமாட்டார். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

"கண்ணாடியப் பலகை வெச்சு மறைக்கணும்னு வகுப்புல சொன்னாங்க" என்றார் கமாண்டர்.

"நம்மகிட்ட ஏதுங்க பலகை?" என்றாள் மனைவி.

"அதத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன்."

அவர் யோசித்து வைத்திருந்தது மெத்தை. பலகையில் கல் பட்டால் உடையும், மெத்தையில் பட்டால் கல்லுக்குத்தான் அவமானம் என்பது அவர் கணக்கு. கடையிலிருந்த நல்ல மெத்தைகளாகப் பார்த்து வெளியே எடுத்து, கண்ணாடியின் மேல் வரிசையாக நிறுத்திச் சாய்த்தார்கள். இடுக்குகளில் தலையணைகளைத் திணித்தார்கள். வேலை முடிந்ததும் கமாண்டர் சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கோட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் உப்பலான கோட்டை.

பிறகு கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியை உருவினார்.

"சாவியப் பையில வெச்சுக்கக் கூடாது. திருடன் முதல்ல கைய விடற இடம் பை."

"எங்கிட்ட குடுங்க, முந்தானையில முடிஞ்சுக்கறேன்."

"ரெண்டாவது கை விடற இடம் அது" என்று கமாண்டர் சொல்லிவிட்டு, உடனே சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்தார். மனைவியின் முகம் அப்படி இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக அவசரமாக இடதுபக்க மூலையிலிருந்த ஒரு தலையணையை எடுத்து, அதன் உறைக்குள் சாவியை ஆழமாகத் தள்ளி, மறுபடி இடுக்கில் செருகினார். "இப்ப எவனாவது கண்டுபிடிக்கட்டும்."

"கடையப் பூட்டிட்டு, சாவியத் தெருவுலயே வெச்சிருக்கீங்க."

"அதுதான் அதுல இருக்கற சூட்சுமம்."

"இன்னொரு சாவி எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு. உள்ள, கல்லாவுல."

மனைவி பிதுங்கி நின்ற ஒரு தலையணையைத் தட்டி உள்ளே தள்ளினாள். கேட்டுப் பயனில்லாத சமயங்கள் குடும்ப வாழ்க்கையில் உண்டு என்பது அவளுக்கு நெடுநாளாகத் தெரியும்.

அடுத்ததாக கமாண்டர் பெரியண்ணனைக் கதவுப் பக்கத்தில் நிறுத்தினார். "அண்ணே, இந்தக் கதவுகிட்ட யார் வந்தாலும் சங்கேதச் சொல் கேக்கணும். சொன்னாத்தான் விடணும். சொல் என்ன தெரியுமா? 'தூக்கம்'."

"என்ன சொல்லு?"

"தூக்கம்."

"எனக்கா? இல்ல மாப்பிள்ளை, நேத்து நல்லாத் தூங்கிட்டேன்."

"அதுதான் அண்ணே சொல்லு!"

"சரி சரி, கோவப்படாதீங்க. யார் வந்தாலும் கேக்கறேன். நீங்களே வந்தாலும் கேக்கறேன்."

கேட்கவும் செய்தார். கமாண்டர் ஒருமுறை கதவுப் பக்கம் போனபோது சங்கேதச் சொல்லைக் கேட்டார். கமாண்டர் சொன்னார். "அதுதானா?" என்று பெரியண்ணன் சந்தேகப்பட்டு, மனைவியிடம் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்.

வெயில் ஏறியது. ஓட்டக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் காற்று மாதிரி வந்து, முடிவுக்கோட்டைத் தாண்டி, கையை உயர்த்தி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களால் எந்தக் கடைக்கும் ஆபத்தில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் பொதுமக்கள். முகம் சிவந்து, வாய் பிளந்து, ஒரு காலை மட்டும் நம்பி வந்துகொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் தொண்டர்கள் அவர்கள் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டு, கையில் ஈரத் துண்டைக் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார்கள். அவர்கள் அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் தள்ளாடினார்கள்.

தள்ளாடுகிற ஒருவரின் கண்ணில் உலகத்திலேயே எது படக்கூடாதோ, அது வரிசையாக, புத்தம் புதிதாக, கோட்டிலிருந்து பத்தடியில் நின்றது.

முதலில் வந்தது நெட்டையான ஒரு அம்மாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருக்கவேண்டும், மூச்சு வாங்கும்போதுகூடக் கண்டிப்பாக வாங்கினாள். ஒரு கையை மெத்தையில் ஊன்றினாள். மெத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, மெல்லச் சரிந்து, தரையில் படுத்துக்கொண்டது. அம்மாளும் அதோடு போய்விட்டாள்.

"அம்மா! இது பாதுகாப்புப் பகுதி!" என்று கமாண்டர் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அந்த அம்மாளின் கழுத்து, ஒரு ஆதரவும் இல்லாமல், பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் பலவீனம் ஒன்று இருக்கும். கமாண்டரால் கழுத்து மடங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விசில் வாயிலிருந்து தானாக நழுவியது. கை தானாக இடுக்கைத் துழாவி ஒரு தலையணையை உருவியது. "நீங்க ஒருக்களிச்சுப் படுக்கறவங்கம்மா. உங்களுக்கு இந்த உசரம் சரியா வரும்" என்று தலையை அலுங்காமல் தூக்கி, தலையணையை வைத்தார்.

"அப்பாடா" என்றாள் அந்த அம்மாள்.

அந்த ஒரு சொல் தெரு முழுக்கக் கேட்டது. பிறகு நடந்ததைத் தடுக்க உலகத்தில் எந்த வகுப்பும் இல்லை. ஆட்கள் வந்தார்கள், மெத்தைகள் சரிந்தன, கமாண்டர் தலையணை கொடுத்தார். "உங்களுக்கு மெலிசா, சார். குப்புறப் படுப்பீங்கல்ல? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே." "உங்களுக்கு ரெண்டு வேணும்யா, ஒண்ணோட சமாளிக்காதீங்க." அவ்வளவு சந்தோஷமாக அவர் வேலை பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. மனைவியும் சும்மா இருக்கவில்லை. படுத்திருந்தவர்களுக்கு நடுவில் நடந்து, "இது ஸ்பிரிங்கு வெச்சது, இடுப்புக்கு நல்லது. அவசரமில்ல, தூங்கி எந்திரிச்சுட்டுச் சொல்லுங்க" என்று காதோரம் மெல்லச் சொல்லி, வேண்டுமென்றவர்களின் பெயரை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போனாள்.

பந்தய அமைப்பாளர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார். படுத்துக்கிடந்தவர்களைப் பார்த்தார். 'இதற்கு யார் ஏற்பாடு செய்தது' என்று விசாரித்தால் தனக்கு எதுவும் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, "வீரர்களுக்காக நம்முடைய விழாக்குழு சிறப்பாக அமைத்திருக்கும் ஓய்விடம், வலதுபுறம்!" என்று முழங்கிவிட்டுப் போய்விட்டார். அதைக் கேட்டு ஓடாதவர்களும் வந்து படுத்தார்கள்.

அப்போதுதான் கமாண்டரின் கைப்பேசி அடித்தது.

"மாப்பிள்ளை, ரோட்டையெல்லாம் அடைச்சுட்டானுங்க. பஸ்ஸ எங்கயோ நிறுத்தி எறக்கி விட்டுட்டான். நடந்துதான் வர்றேன். சாவிய எடுத்துக் கையில வெச்சிருங்க."

"வெச்சிருக்கேன் மாமா!" என்றது கமாண்டரின் வாய். கண் மட்டும் மெல்ல இடதுபக்க மூலைக்குப் போனது. மூலை காலியாக இருந்தது. எல்லா மூலையும் காலியாகத்தான் இருந்தது. இருந்த தலையணை அத்தனையும் தலைகளுக்கு அடியில் இருந்தது.

முதலில் அவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டே தேடப் பார்த்தார். "தலையணைப் பரிசோதனை! யாரும் எந்திரிக்க வேணாம்!" என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவர் தலைக்கடியிலும் கையை விட்டு, உறையைப் பிசைந்து பார்த்தார்.

"யோவ், இப்பத்தானேய்யா குடுத்தே!" என்றார் ஒருவர்.

"தரப் பரிசோதனைங்க."

"என் காதயும் சேத்துப் பரிசோதிக்கறியே!"

தலைமையாசிரியை கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். கமாண்டர் தன்னையறியாமல் கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டிவிட்டார்.

இரண்டு வரிசை தள்ளிப் பிசைந்துகொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "சாவிதானே தேடறீங்க?"

"சத்தமாச் சொல்லாத! பாதுகாப்பு ரகசியம்."

"ஆமா. உங்களுக்கே தெரியாத அளவுக்கு ரகசியமா வெச்சிருக்கீங்க."

அவர் பதில் சொல்வதற்குள், ஒரு குண்டு மனிதர் தலையணை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போவது தெரிந்தது. அவ்வளவுதான். கமாண்டர் விசிலை ஊதிக்கொண்டு பாய்ந்தார். கூட்டம் அவரைத் தாமதமாக வருகிற ஓட்டக்காரர் என்று நினைத்து வழிவிட்டுக் கைதட்டியது. "விடாத! விடாத!" என்றது. அவரும் விடவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பிடித்தார். தலையணையைப் பிடுங்கி, பிசைந்து, உதறி, காதில் வைத்தும் ஆட்டிப் பார்த்தார். பஞ்சுதான். "மன்னிச்சுக்கோங்க, தூக்கக் கலக்கத்துல கையோட எடுத்துட்டு வந்துட்டேன்" என்று குண்டு மனிதர் நாணிக்கொண்டார். அவரை மன்னிக்கக்கூட நேரமில்லாமல் கமாண்டர் திரும்பி ஓடினார்.

ஓடி வந்தபோது கடைமுன் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பலர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தலையணைகளை ஒவ்வொன்றாகப் பிசைந்தார். இல்லை. இல்லை. இதிலும் இல்லை. மாமனார் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். தலையணை மூலை தன்னைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. கடையிலேயே உயர்ந்த மெத்தையில், கழுத்தில் பதக்கத்தோடு, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். குறட்டை சீராக வந்தது. அவர் தலைக்கடியில் கடைசித் தலையணை.

கமாண்டர் மண்டியிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு, உறைக்குள் இரண்டு விரலை விட்டார். பஞ்சு. இன்னும் கொஞ்சம் உள்ளே. பஞ்சு. இன்னும் கொஞ்சம். இரும்பு!

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு விரலால் சாவியைப் பற்றி மெல்ல இழுக்கும்போது, அவர் பார்வை தற்செயலாக மெத்தையின் ஓரத்துக்குப் போனது. ஓட்டக்காரர்கள் எல்லோரும் ஷூவோடு வந்திருந்தார்கள். இவருடையது தோல் செருப்பு. ஒன்றை ஒன்று ஒட்டி, முனைகள் ஒரே கோட்டில் நிற்கும்படி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. செருப்பை அப்படிக் கழற்றி வைக்கிற மனிதர் ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும்.

துண்டுக்கடியிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை."

"மாமா."

"சாவி எங்க?"

கமாண்டரின் மூளை அன்று முழுக்கச் செய்யாத வேலையை ஒரு நொடியில் செய்தது.

"உங்க தலைக்கு அடியிலதான் மாமா. அதவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியல."

மாமனார் துண்டை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நடந்து வந்தவரை ஓடி வந்தவர் என்று நினைத்து, கோட்டுக்கிட்டே தொண்டர்கள் பிடித்துப் பதக்கம் போட்டிருந்தார்கள். கழற்ற மனமில்லாமல் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். மூலையிலிருந்து மூலைவரை, மெதுவாக. ஒரு கீறல் இல்லை. யாரோ முகத்தைச் சாய்த்த வேர்வைத் தடம் ஒன்று மட்டும் இருந்தது.

"நான் இந்த மெத்தையிலதான் வந்து படுப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கமாண்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெத்தையைப் பார்த்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த எதுவும் உதவிக்கு வரவில்லை.

"நான்தான்ப்பா படுக்க வெச்சேன்" என்றாள் மனைவி. "தலைமையாசிரியம்மா எந்திரிச்சுப் போறப்ப, தலையணையில என்னமோ குத்துதுன்னு புகார் சொன்னாங்க. தடவிப் பாத்தேன். அதைத் தனியா எடுத்து வெச்சிருந்து உங்க தலைக்குக் குடுத்தேன்."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் கமாண்டர்.

"சொல்ல வர்றதுக்குள்ளதான் விசில ஊதிட்டு ஓடிட்டீங்களே. திரும்பி வந்தப்புறமும் மூச்சு விடாமப் பிசைஞ்சுட்டு இருந்தீங்க. பாக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

மாமனார் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மகள் கையிலிருந்த சீட்டில், மெத்தை வேண்டுமென்று பெயர் கொடுத்தவர்களின் நீளமான பட்டியலையும் பார்த்தார். சொன்ன சொல்லை அவர் மாற்றுகிற பழக்கமில்லை.

"கண்ணாடி முழுசா இருக்கு. சாவியும் கைக்கு வந்துருச்சு. இந்தாங்க மாப்பிள்ளை. கடை உங்க பொறுப்பு."

சாவி கமாண்டரின் உள்ளங்கையில் விழுந்தது. எத்தனையோ வருஷமாக அவர் கனவில் கேட்ட சத்தம். கையைப் பைக்குக் கொண்டுபோனார். நின்றார். தலையணைகளைப் பார்த்தார். பிறகு பேசாமல் திரும்பி மனைவியிடம் நீட்டினார்.

"நீயே முடிஞ்சு வெச்சுக்கோ."

"ரெண்டாவது கை விடற இடமாச்சே?"

"விட்டுப் பாக்கட்டும். உயிரோட போயிருவானா?"

அவள் சிரித்துக்கொண்டே சாவியை முந்தானையில் முடிந்தாள். மாமனார் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். வருஷக்கணக்காக மெத்தை விற்றவர், பகலில் தம் கடை மெத்தையில் படுத்தது இதுதான் முதல் தடவை. "நல்ல மெத்தையாத்தான் வித்திருக்கேன் போல" என்று தமக்குள் முனகிக்கொண்டார். "தலையணையும் பரவால்ல, குத்தினதத் தவிர. சரி, கதவத் தெறம்மா. உள்ள போய் மீதியத் தூங்கணும்."

மூவரும் கதவை நோக்கி நடந்தார்கள். அங்கே, காலையில் நிறுத்திய இடத்திலேயே, பெரியண்ணன் நின்றுகொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டார். கும்பிட்ட கையை அப்படியே குறுக்கே நீட்டி வழியை மறித்தார்.

"சங்கேதச் சொல் சொல்லுங்க முதலாளி."

"என்ன சொல்லு?"

"அது எனக்கும் மறந்து போச்சு. நீங்க சொன்னா ஞாபகம் வரும்."

மாமனார் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கமாண்டர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தெருவை ஆராய்ந்தார். மாமனாருக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது.

"யோவ், தூக்கம் கண்ணச் சுத்துது. வழிய விடுய்யா."

பெரியண்ணனின் முகம் மலர்ந்தது. "அதேதான் முதலாளி!" என்று விலகி நின்று, கதவை அகலத் திறந்துவிடுவதற்காகச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.